பைக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாரின் வலது பக்கம், பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதுதான் மாஸ்டர் சிலிண்டரோடு, அதாவது லீவரை இழுத்ததும் ஆயிலைத் தள்ளும் பகுதியோடு, சேர்ந்த பிரேக் ஆயில் டப்பா. அதன் மூடியை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். மூடி துருப்பிடித்தோ விரிசல் விட்டோ போனால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். வேலை சின்னதுதான். ஆனால் முன் சக்கரத்தை நிறுத்துகிற எண்ணெய் திறந்து கிடக்கும் நேரம் அது. அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம்.

மூடியை எப்போது மாற்ற வேண்டும்?

விரிசல் விட்டிருந்தால், கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருந்தால், பெயிண்ட் உரிந்து உலோகம் பொடிப்பொடியாக உதிர்ந்தால், ஸ்க்ரூ உட்காரும் குழி பெரிதாகிவிட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் அந்தக் கசிவுக்கு மூடியே காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் அடியில் இருக்கும் ரப்பர்தான் காரணம்.

வெறும் நிறம் மங்கியதற்காக மாற்ற வேண்டியதில்லை. நல்ல மூடியாக இருந்தால் சுத்தம் செய்து கறுப்பு பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டலாம். பெயிண்ட் அடிப்பதானால் மூடியைத் தனியாகக் கழற்றி, உள்பக்கத்தில் பெயிண்ட் படாமல் அடியுங்கள். பிரேக் ஆயில் பட்டால் உரியும் பெயிண்ட் உள்ளே இருக்கவே கூடாது.

மூடி என்றால் மேலே தெரியும் அந்த ஒரு துண்டு மட்டும்தானா?

இல்லை. பெரும்பாலான பைக்குகளில் மூன்று துண்டுகள். மேலே தெரிவது மூடி. அதற்கு அடியில் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய தட்டு. அதற்கும் அடியில், ஆயிலைப் பார்த்தபடி, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர். கடையில் இதை டயாபிரம் என்பார்கள்.

இந்த ரப்பர் எதற்கு? பிரேக் பேட் தேயத் தேய, கேலிபரில் (சக்கரத்தின் பக்கத்தில் பேடைப் பிடித்திருக்கும் பகுதி) உள்ள பிஸ்டன்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அவற்றின் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். டப்பாவில் மட்டம் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் இறங்க மறுக்கும். ஆனால் காற்று ஆயிலைத் தொட்டால் அதிலுள்ள ஈரத்தை ஆயில் உறிஞ்சிவிடும். இரண்டையும் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. மூடியில் இருக்கும் நுண்ணிய காடி (கோடு போன்ற சிறு பள்ளம்) வழியாகக் காற்று ரப்பரின் மேல்பக்கம் வரும். மட்டம் குறையக் குறைய ரப்பரின் மடிப்பு விரிந்து கீழே இறங்கும். காற்று மேலேயே நிற்கும், ஆயில் கீழேயே நிற்கும்.

ஆகவே மூடி நன்றாக அடைத்தால் மட்டும் போதாது. காற்று வரும் வழியும் திறந்திருக்க வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள் என்றே சொல்வேன். மூடி துருப்பிடிக்கும் அளவுக்கு வண்டி பழையது என்றால் ரப்பரும் அதே வயதுதான். விரலால் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில் கீறல், ஓரத்தில் நசுங்கிய தழும்பு, தொட்டால் கையில் ஒட்டும் கறுப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த ரப்பரின் காலம் முடிந்தது. பல வண்டிகளுக்கு மூடி, தட்டு, ரப்பர், இரண்டு ஸ்க்ரூ எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கும். அதை வாங்குவதே நல்லது.

மூடியின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

கழற்றும் முன் மூடியைச் சுத்தம் செய்யவும், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து இன்ன வகை ஆயிலை மட்டுமே ஊற்றவும் என்பதுதான் அதன் சாரம். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. பெரும்பாலான வண்டிகளில் டாட் 4 என்றும், சில வண்டிகளில் டாட் 3 அல்லது இரண்டுமே என்றும் இருக்கும். மொத்த வேலையின் முக்கால் பங்கு அந்த இரண்டு வரியிலேயே அடங்கியிருக்கிறது. புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் இருக்கும் ஆயில் வகையும் புதியதில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத மூடியை மாட்டினால், நாளைக்கு வேறு யாராவது தவறான ஆயிலை ஊற்ற வாய்ப்பு உண்டு.

என் வண்டிக்குச் சரியான மூடி எது என்று எப்படித் தெரியும்?

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு மாஸ்டர் சிலிண்டர் மாறியிருக்கும். அதேபோல வேறு வேறு கம்பெனி வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர் இருப்பதும் உண்டு. ஏனென்றால் பிரேக்கைச் செய்வது பெரும்பாலும் வண்டிக் கம்பெனி இல்லை. நிசின், பைப்ரே, எண்டூரன்ஸ் போன்றவர்கள் செய்துகொடுப்பது. மாஸ்டர் சிலிண்டரின் உடம்பிலோ மூடியிலோ அந்தப் பெயர் இருக்கும்.

பழைய மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துப் போவதுதான் நிச்சயமான வழி என்று தோன்றும். ஆனால் கழற்றிய வண்டியைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. நீளம், அகலம், இரண்டு ஸ்க்ரூ மையங்களுக்கு நடுவில் உள்ள தூரம் மூன்றையும் அளந்து, மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஷோரூமில் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொன்னால் பார்ட் நம்பரை எடுத்துத் தருவார்கள்.

சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடினால் பழைய வண்டிகளுக்கும் கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் மூடி வாங்குவதில் தப்பில்லை. செகண்ட் ஹேண்ட் ரப்பர் மட்டும் வேண்டாம்.

சிவப்பு, நீலம், தங்க நிறத்தில் வரும் கலர் மூடிகள் போடலாமா?

அலுமினியத்தில் கடைந்த நல்ல மூடிகளும் இருக்கின்றன, படம் காட்டுவதற்காகச் செய்த மூடிகளும் இருக்கின்றன. வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். ரப்பரின் ஓரத்தை அழுத்தும் விளிம்பு சமமாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, ஆடுகிறதா என்று ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தட்டு உட்காரும் பள்ளம் பழைய மூடியில் இருக்கும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். ஸ்க்ரூ தலை சரிவாக உட்காரும் வகை என்றால் மூடியின் குழியும் அதே சரிவில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று வரும் காடி இருக்க வேண்டும். உள்பக்கம் வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தால் அந்த மூடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சில கலர் மூடிகளோடு ரப்பர் வராது, பழையதையே போடச் சொல்வார்கள். ரப்பரே வேண்டாம், மூடியே அடைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

என்னென்ன பொருள்கள் வேண்டும்?

புது மூடி செட், சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர், நூல் உதிராத சுத்தமான துணி, பழைய டூத் பிரஷ், ஒரு பக்கெட் தண்ணீர், சீல் உடைக்காத சின்ன பாட்டில் பிரேக் ஆயில், கையுறை. டேங்க் மேல் விரிக்க ஒரு பழைய போர்வையும் அதற்கு மேல் ஒரு பாலிதீன் ஷீட்டும். போர்வையை மட்டும் விரித்தால் சிந்திய ஆயிலை உறிஞ்சி பெயிண்டோடு ஒட்டவைத்துவிடும், அதனால் ஷீட் அவசியம். ஆயில் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் ஒன்று. ஜப்பானிய வடிவமைப்பிலிருந்து வந்த மாஸ்டர் சிலிண்டர்களில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவில் வெட்டியது. நாம் சாதாரணமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் முனை அதில் முழுசாக இறங்காது. கொஞ்சம் பலம் கொடுத்ததும் மேலேறி வழுக்கும், ஸ்க்ரூ தலை மழுங்கும். ஸ்க்ரூ தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்பதன் அடையாளம். புள்ளி இல்லாததாலேயே அது இல்லை என்றும் ஆகாது. 2ஆம் எண் ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கி வைத்தால் வண்டியின் மற்ற இடங்களுக்கும் பயன்படும்.

ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்த வேலையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காரணம் எளிது. ஸ்க்ரூ தலை மூடிக்குள் புதைந்திருக்கிறது, அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. ஸ்க்ரூ இரும்பு, டப்பா அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் ஈரம் நின்றால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் இருக்கும் மண்ணையும் துருவையும் ஊசியால் கிளறி எடுங்கள். மண் இருந்தால் முனை பாதிதான் இறங்கும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை நேராக நிறுத்தி, அதன் தலையில் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு. பலமான அடி இல்லை, துருவின் பிடி விடுவதற்கான தட்டு. அந்தச் சமயத்தில் இன்னொருவர் மாஸ்டர் சிலிண்டரை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தால் நல்லது.

பிறகு கழற்றும்போது திருகும் பலத்தைவிட அழுத்தும் பலம் அதிகமாக இருக்கட்டும். உடம்பின் கனத்தை ஸ்க்ரூ டிரைவர் மேல் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாக அசைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் சில சமயம் சட்டென்று விடும். அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் இன்னும் சுலபம். அதிலும் சின்ன அடிகள் போதும்.

சாலிடரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடாக்குவதும் உதவும். லைட்டர், கேஸ் டார்ச் எதுவும் வேண்டாம். அடியில் ரப்பர் இருக்கிறது, பிரேக் ஆயிலும் தீப்பற்றக்கூடியதுதான்.

துரு இளக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு துளியை ஊசி முனையில் எடுத்து ஸ்க்ரூ தலையைச் சுற்றி வைக்கலாம், பீய்ச்சி அடிக்கக் கூடாது. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர்கள் ஈ.பி.டி.எம். என்ற வகை. பிரேக் ஆயிலில் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஸ்ப்ரே, இன்ஜின் ஆயில், கிரீஸ், பெட்ரோல் எல்லாம் அந்த வகைதான். மூடியைத் தூக்கும் முன் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரூ தலை மழுங்கியே போய்விட்டது. இனி?

கலங்க வேண்டாம், மூடியைத்தான் எப்படியும் மாற்றப் போகிறோம். தலையை டிரில் போட்டு எடுத்துவிடலாம். மையத்தில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தி, முதலில் சின்ன பிட், அப்புறம் 4.5 அல்லது 5 மி.மீ. பிட். பெரும்பாலான வண்டிகளில் இது 4 மி.மீ. ஸ்க்ரூ என்பதால் அந்த அளவு போதும். தலை மட்டும் தனியாகக் கழன்று வந்ததும் நிறுத்திவிடுங்கள், ஆழமாகப் போகாதீர்கள்.

மூடி இன்னும் டப்பாவின் மேல் இருக்கும்போதே டிரில் தூளை முழுவதும் எடுத்துவிட வேண்டும். காந்தம், ஈரத்துணி, வாக்குவம் கிளீனர் எது இருக்கிறதோ அது. அதற்குப் பிறகுதான் மூடியைத் தூக்க வேண்டும். தூக்கியதும் தலை இல்லாத ஸ்க்ரூவின் மிச்சம் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் விரலுக்கே வந்துவிடும். தலையின் இறுக்கம் போனதும் மரையின் பிடியும் தளர்ந்துவிடுவதால்தான் அப்படி.

டிரில் பிடித்துப் பழக்கம் இல்லை என்றால் இந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் சரி.

மூடியைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பா சமமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஏறி வழியும். மூடியின் ஓரங்களை பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

மூடி, தட்டு, ரப்பர் மூன்றையும் ஒரே இழுப்பில் தூக்காதீர்கள். முதலில் மூடியையும் தட்டையும் மட்டும் எடுங்கள். ரப்பரின் மடிப்புக்குள் தண்ணீர்த்துளிகளும் துருப்பொடியும் தேங்கியிருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். மழையாலும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் அடிப்பதாலும் காற்றுக்காடி வழியாக உள்ளே போனது அது. ரப்பருக்கு மேலே இருக்கும்வரை அதனால் ஆயிலுக்குக் கெடுதல் இல்லை. அதைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு ரப்பரைத் தூக்குங்கள். துடைக்காமல் தூக்கினால் அத்தனையும் ஆயிலில் விழும்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

டார்ச் அடித்து டப்பாவின் அடித்தளத்தைப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு. இன்னொன்று ஊசி நுழையும் அளவுதான். சில வண்டிகளில் இவற்றின் மேல் ஒரு சின்ன மறைப்புத் தகடு மாட்டியிருக்கும்.

அந்த ஊசித் துளைக்காகத்தான் சுத்தம் சுத்தம் என்று இவ்வளவு சொல்வது. லீவரை விட்டதும் ஆயில் இந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. பிரேக் சூடாகி ஆயில் விரியும்போதும் இதே வழிதான். ஒரு மணல், ஒரு பெயிண்ட் செதில், துணியின் ஒரு நூல் போய் இதை அடைத்தால், விட்ட பிறகும் பிரேக் முழுசாக விடாது. பேட் உரசிக்கொண்டே ஓடும், சூடு ஏறும், ஆயில் மேலும் விரியும், பிடி மேலும் இறுகும். ஓடிக்கொண்டிருக்கும்போது முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குக்கூடப் போகலாம்.

லீவரை மெல்ல, கொஞ்சமே கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். ஊசித் துளைக்கு மேல் ஆயிலில் ஒரு சிறு சுழிப்பு எழும்பினால் துளை திறந்திருக்கிறது. மறைப்புத் தகடு இல்லாத வண்டியில் பலமாக அழுத்தினால் ஆயில் ஊற்றாகப் பீய்ச்சிக்கொண்டு முகத்துக்கு வரும். மூடி திறந்திருக்கும்போது லீவரை வேகமாக இழுக்கவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடியில் ஜெல்லி மாதிரியோ பழுப்பாகவோ படிவு இருந்தால் மூடி மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். மொத்த ஆயிலையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புது ஆயில் நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். கறுத்த காபி நிறம் என்றால் அது ரொம்பப் பழையது.

பெட்ரோலில் கழுவலாமா? பட்டறையில் அப்படித்தானே செய்கிறார்கள்?

கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பருக்கும் டப்பாவின் உள்பக்கத்துக்கும் ஆகாது. புது பிரேக் ஆயிலில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். ரப்பரைத் திரும்பப் போடுவதாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவைத்து மாட்டலாம்.

எப்படித் திரும்ப மாட்டுவது? எவ்வளவு டைட் வைக்க வேண்டும்?

டப்பாவின் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். ஆயில் பட்டிருந்தால் ரப்பர் வழுக்கி மடங்கும். ரப்பரின் மடிப்பு கீழே விரிந்திருந்தால், கையால் தள்ளி பழையபடி சுருக்கிய பிறகு வையுங்கள். விரிந்தபடியே வைத்தால் ஆயிலைத் தள்ளி வெளியே வழியவிடும், பிறகு இறங்கவும் இடம் இருக்காது. ரப்பரின் ஓரம் நான்கு மூலைகளிலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன் மேல் தட்டு, அதன் மேல் மூடி.

இரண்டு ஸ்க்ரூவையும் கையாலேயே ஆரம்பித்துவிட்டு, மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் மூடி சாயும். ஹோண்டா வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளில் இந்த ஸ்க்ரூவுக்கு 1.5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது மிகக் குறைவான இறுக்கம். ஸ்க்ரூ டிரைவரை மூன்று விரலால் பிடித்துத் திருப்பி, நின்றதும் விடுவதுதான் அந்த அளவு. அடைப்பது ரப்பர், ஸ்க்ரூவின் பலம் இல்லை. முஷ்டியால் இறுக்கினால் மூடி நடுவில் வளையும், ரப்பர் பிதுங்கும், கசிவு அதிகமாகும். அடுத்த முறை கழற்றுபவருக்கும் அதே ஸ்க்ரூ பிரச்சினைதான்.

ஸ்க்ரூவைத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றலாம். நீளம் மட்டும் பழையதன் அளவே இருக்க வேண்டும். நீளமானது அடியில் முட்டி நின்றுவிடும், மூடி இறுகியது போலத் தெரிந்தாலும் இறுகியிருக்காது.

இதற்குப் பிறகு பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டுமா?

மூடியை மட்டும் மாற்றினால் தேவையில்லை. ஆயில் மட்டம் அடியிலுள்ள துளைகளுக்குக் கீழே இறங்காதவரை காற்று உள்ளே போக வழியில்லை. மாட்டி முடித்ததும் லீவரை நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். முன்பு இருந்த அதே கெட்டித்தன்மை இருக்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் காற்று போயிருக்கிறது, ஏர் எடுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. அப்புறம் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். லீவரை விட்ட பிறகு சக்கரம் தாராளமாக உருள வேண்டும்.

ஏ.பி.எஸ். வண்டியிலும் இதே முறையா?

ஆமாம். ஏ.பி.எஸ். என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு. மூடி வேலையில் வித்தியாசம் இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் இப்போது இந்தக் கேள்வி நிறைய வருகிறது. ஆனால் ஏ.பி.எஸ். வண்டியில் மட்டம் இறங்கி உள்ளே காற்று போய்விட்டால், அதை எடுப்பது சாதாரண வண்டியைவிடச் சிரமம். சில மாடல்களுக்கு சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் கருவியும் தேவைப்படலாம்.

திறந்ததும் ஆயில் குறைந்திருப்பது தெரிகிறது. ஊற்றி நிரப்பலாமா?

முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேய்ந்தால் மட்டம் குறைவது இயல்பு. தேய்ந்த பேடோடு டப்பாவை நிரப்பிவிட்டால், புது பேட் போடும் நாளில் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி டேங்க் மேல் வழியும். குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தால் அப்படியே விடுங்கள். பேட் புதிதாக இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

ஊற்றுவதானால் மூடியில் எழுதிய வகையையே ஊற்றுங்கள், உள்பக்கத்தில் இருக்கும் மேல்கோட்டைத் தாண்டாதீர்கள். விளிம்புவரை ஊற்றினால் ஆயில் சூட்டில் விரிய இடம் இருக்காது, பிரேக் பிடித்துக்கொள்ளும்.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான் வகை. எண் பக்கத்தில் இருக்கிறதே என்று டாட் 4 வண்டியில் டாட் 5 ஊற்றக் கூடாது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே ஆயிலுக்கு விதிக்கும் எல்லை 155 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் கைப்பிடியைத் தொடும், பிரேக் இருக்காது. பல கம்பெனிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். மூடி மாற்றும் சாக்கில் அதையும் செய்துவிடலாம்.

டேங்க் மேல் சிந்திவிட்டது!

உடனே தண்ணீர் ஊற்றுங்கள், நிறைய. துணியால் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தால் பரவத்தான் செய்யும். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும் என்பதால் தண்ணீர்தான் மருந்து. டப்பாவின் மூடி மட்டும் அப்போது மூடியிருக்கட்டும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பல நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பின் பிரேக் டப்பாவின் மூடிக்கும் இதே வழிதானா?

ஏறக்குறைய. பின் டிஸ்க்குக்கான டப்பா பெரும்பாலும் வலது பக்க பேனலுக்குப் பின்னால், ஒரு ஹோஸில் தொங்கும் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கும். சிலவற்றில் மூடியே திருகும் வகை. அதைத் திருப்பும்போது டப்பாவை மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் வாரியடிக்கும் சேறு இங்கே அதிகம் என்பதால் கழுவும் வேலையும் அதிகம்.

புது மூடி, புது ரப்பர் போட்டும் ஈரமாகவே இருக்கிறதே?

எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, டப்பாவின் கழுத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டுங்கள். லீவர் வந்து அழுத்தும் இடத்தில் இன்னொன்று, ஹோஸ் போல்ட்டில் இன்னொன்று. ஒரு சுற்று ஓட்டிவிட்டு எந்தப் பேப்பர் நனைந்தது என்று பாருங்கள்.

கழுத்துப் பேப்பர் நனைந்தால் ரப்பர் மடங்கியிருக்கிறது, அல்லது ஆயில் அதிகம், அல்லது டப்பாவின் விளிம்பில் கீறல் இருக்கிறது. லீவர் பக்கம் நனைந்தால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் சீல் போய்விட்டது. அதற்கும் மூடிக்கும் சம்பந்தமே இல்லை. பிஸ்டன் கிட் மாற்றாமல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

எங்கே கசிந்தாலும் கேஸ்கெட் பேஸ்ட் தடவி அடைக்காதீர்கள். பிதுங்கிய பேஸ்ட் ஒரு துணுக்கு உதிர்ந்து உள்ளே விழுந்தால் நேராகப் போய் உட்காருவது அந்த ஊசித் துளையில்தான்.

டப்பாவில் மரை போய்விட்டது. டப்பாவையே மாற்ற வேண்டுமா?

அவசியம் இல்லை. லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட்டு அதே அளவு மரையைத் திரும்ப எடுத்துத் தருவார்கள். அலுமினியத் தூள் உள்ளே விழாமலிருக்க, மாஸ்டர் சிலிண்டரை வண்டியிலிருந்து கழற்றி, ஆயிலை வடித்துவிட்டுக் கொடுப்பதே நல்லது. அப்படியானால் திரும்ப மாட்டும்போது ஏர் எடுக்கத்தான் வேண்டும். டெப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் வைத்து ஒட்டுவது எல்லாம் வேண்டாம்.

ஊருக்கு நடுவழியில் விழுந்து மூடி உடைந்துவிட்டால்?

ரப்பர் முழுசாக இருக்கிறதா, லீவர் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ரப்பரை அதன் இடத்தில் வைத்து, மேலே கனமான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து இறுக்கிக் கட்டி, பக்கத்து மெக்கானிக் கடைவரை மட்டும் மெதுவாகப் போகலாம். ரப்பர் கிழிந்திருந்தாலோ ஆயில் கொட்டியிருந்தாலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது ஒரு டாடா ஏஸ் பிடியுங்கள்.

பெரிய பைக்குகளில் டப்பாவைச் சுற்றி ரிஸ்ட் பேண்ட் போட்டிருக்கிறார்களே, தேவையா?

ரேஸ் வண்டிகளிலிருந்து வந்த பழக்கம். லேசாகக் கசியும் துளியை உறிஞ்சி, ஓட்டுபவர் மேலும் பெயிண்ட் மேலும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். போடுவதில் தவறில்லை. ஆனால் கசிவையும் மட்டத்தையும் அது மறைத்துவிடும், வாரம் ஒருமுறையாவது விலக்கிப் பாருங்கள்.

பாட்டிலில் மீந்த ஆயிலை என்ன செய்வது?

சீல் உடைத்த பாட்டில் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். இறுக மூடி வைத்தாலும் மாதக்கணக்கில் வைத்திருந்து பிரேக்கில் ஊற்ற வேண்டாம். அதனால்தான் சின்ன பாட்டிலாக வாங்கச் சொன்னேன். பழையதைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாமல், ஒரு பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி, கழிவு ஆயில் சேர்த்துவைக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் யாராவது குடித்துவிடுவார்கள். அது விஷம்.